லோடு வண்டிக்கு டயர் மாற்றும் முன்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

டயர் கடைக்குள் நுழைந்ததும் வாயில் வரும் முதல் கேள்வி, "ஜோடி என்ன ரேட்டுண்ணே?" கடைக்காரரும் ரேட்டைத்தான் சொல்வார். வண்டி என்ன ஏற்றுகிறது, எந்த ரோட்டில் ஓடுகிறது, திரும்பி வரும்போது காலியாக வருகிறதா என்று இருவருமே பேசுவதில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றும் பிக்கப், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பலாப்பழமும் வாழைத்தாரும் இறக்கும் பிக்கப், சென்னைக்குள் தண்ணீர் கேன் போடும் குட்டி யானை, மூன்றுக்கும் வேலை வேறு. மூன்றுக்கும் ஒரே மாதிரி டயரை வாங்கிப் போட்டால் இரண்டு பேருக்காவது காசு வீண். அதனால் விலைக்கு முன்னால் பேச வேண்டியது லோடு.

செய்ய வேண்டியவை

பழைய டயரைக் கழற்றும் முன் அதைப் படியுங்கள். வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளங்கையைப் பட்டன் மேல் வைத்து உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தடவுங்கள். பிறகு வெளியிலிருந்து உள்ளே. ஒரு பக்கம் போகும்போது வழவழப்பாகவும் திரும்பும்போது ரம்பம் போல விரலைக் கடிப்பதாகவும் இருந்தால் முன்சக்கர அலைன்மென்ட் போயிருக்கிறது. ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தாலும் அலைன்மென்ட் அல்லது பால் ஜாயின்ட் பக்கம் சந்தேகப்படலாம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக நின்றால் காற்று குறைவு, அல்லது லோடு அதிகம். குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள்.

நடு மட்டும் தேய்வது பிக்கப்பின் பின் டயரில் அதிகம் காணும் நோய். முழு லோடுக்கு வேண்டிய காற்றைப் பிடித்துவிட்டு, திரும்பும் நடை முழுக்கக் காலியாக ஓட்டினால் டயர் நடுவில் மட்டும் தரையைத் தொடும். லோடு இல்லாத நாட்களில் கம்பெனி புத்தகம் சொல்லும் அளவுக்குப் பின் டயர் காற்றைக் குறைக்கலாம், பெரும்பாலோர் செய்வதில்லை. எந்தக் காரணமாக இருந்தாலும் அதைச் சரி செய்யாமல் புது டயர் போட்டால், பழசு போன வழியிலேயே புதுசும் போகும்.

சைடுவாலில் எழுதியிருப்பதை முழுக்கப் படியுங்கள். குட்டி யானையில் 145 ஆர் 12 எல்.டி. என்று இருக்கும். 145 என்பது அகலம், மில்லிமீட்டரில். ஆர் என்றால் ரேடியல். 12 என்பது ரிம்மின் அளவு, அங்குலத்தில். எல்.டி. என்பது லோடு வண்டிக்கான டயர் என்பதற்கு அடையாளம். பக்கத்தில் 8 பி.ஆர். என்று இருந்தால் உள்ளே எட்டு அடுக்கு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது பருத்தி நூலால் டயர் செய்த காலத்துக் கணக்கு. இன்று அந்த எண் பலத்தை மட்டும் சொல்கிறது, அடுக்கை அல்ல.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் அளவுக்குப் பின்னால் வரும் லோடு இண்டெக்ஸ் என்னும் எண். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 102 என்றால் 850, 106 என்றால் 950, 112 என்றால் 1,120. சில டயரில் 102/100 என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது பக்கம் பக்கமாக ஜோடியாக ஓடும் இரட்டைச் சக்கரத்துக்கு. நம் பிக்கப்புகளில் பின்னால் ஒற்றைச் சக்கரம்தான் என்றால் முதல் எண்ணைப் பாருங்கள். எண்ணை ஒட்டி வரும் எழுத்து வேகத்துக்கானது: என் என்றால் மணிக்கு 140 கிலோமீட்டர், கியூ என்றால் 160. லோடு வண்டிக்கு இது போதும் போதும்.

பின் ஆக்சிலை மட்டும் எடை போடுங்கள். வழக்கமான லோடு ஏற்றிக்கொண்டு எடை மேடைக்குப் போய், முன் சக்கரம் மேடையைத் தாண்டி நிற்க, பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்துங்கள். வருகிற எடையை இரண்டால் வகுத்தால் ஒரு டயர் மேல் விழும் பாரம். அது டயர் தாங்கும் எடையைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு படி மேலான டயர் வேண்டும். தாண்டிப் போயிருந்தால் எந்த டயரும் உங்களைக் காப்பாற்றாது, லோடைத்தான் குறைக்க வேண்டும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்கு மேல் ஏற்றினால் 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் மேற்கொண்டு. வெடித்த டயருக்கான செலவு அதில் சேராது.

ரோட்டைப் பார்த்துப் பட்டனைத் தேர்ந்தெடுங்கள். நீள நீளமாகக் கோடு ஓடும் ரிப் டயர் தார் ரோட்டில் நேராக ஓடும், சத்தமும் சூடும் குறைவு, முன் சக்கரத்துக்குப் பொருத்தம். கட்டை கட்டையாக நிற்கும் லக் டயர் மண்ணையும் சேற்றையும் பிடித்துத் தள்ளும், செங்கல் சூளைக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் போகும் வண்டியின் பின் சக்கரத்துக்கு ஏற்றது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு பைபாஸிலேயே ஓடினால் டயர் கத்தும், மைலேஜும் குறையும். பாதி தார் ரோடு, பாதி மண் பாதை என்றால் இரண்டுக்கும் நடுவிலான செமி லக் கேளுங்கள்.

தயாரித்த தேதியைப் பாருங்கள். சைடுவாலில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்: 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இது முழுசாக இருக்கும். மறுபக்கத்தைக் காட்டிப் பேசினால் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு டயரின் தேதியும் அருகருகே இருப்பது நல்லது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். இந்தியாவில் விற்கும் வாகன டயருக்கு அது கட்டாயம்.

பில் வாங்குங்கள். அதில் டயரின் சீரியல் எண் இருக்க வேண்டும், இல்லையென்றால் வாரண்டி கேட்டுப் போகும்போது வாயடைத்து நிற்க வேண்டிவரும். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் கேளுங்கள்.

ஜோடியாக மாற்றுங்கள். ஜோடிதான் வாங்க முடியும் என்றால் புது டயர் முன்னாலா பின்னாலா? நம் ஊர் வழக்கம் முன்னால் போடுவது. முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையை மீறும் என்ற பயம் நியாயமானது. ஆனால் பட்டன் ஆழமாக உள்ள ஜோடியைப் பின்னால் போடச் சொல்கின்றன டயர் கம்பெனிகள், பிக்கப்புக்கு அது இன்னும் பொருந்தும். லோடு இறக்கிய பிக்கப்பின் வால் காற்றாடிபோல் லேசு. ஈர ரோட்டில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேரே போகும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிடி திரும்பும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், அப்புறம் டிரைவருக்கு வேலையில்லை. முன் டயரில் பாதிப் பட்டனாவது மிச்சமிருந்தால் என் ஓட்டு பின்பக்கத்துக்கே. முன் டயர் மொட்டையாகிவிட்டது என்றால் நாலையும் மாற்றும் நேரம் வந்துவிட்டது, இந்த விவாதமே வேண்டாம். முன்னால் ரிப், பின்னால் லக் என்று பிரித்துப் போடுபவர்களுக்கும் இந்தக் கேள்வி எழாது.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ரிம்மின் துருவைத் தேய்த்து எடுத்தார்களா, டியூப்லெஸ் என்றால் வால்வைப் புதிதாகப் போட்டார்களா, பேலன்சிங் செய்தார்களா என்று பாருங்கள். வண்டி நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

அளவு ஒன்று என்பதற்காகக் கார் டயரை வாங்காதீர்கள். 215/75 ஆர் 15 என்ற அளவில் கார் டயரும் உண்டு, லோடு வண்டி டயரும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்று, கார் டயர் விலையும் சற்றுக் குறைவு. ஒன்றில் லோடு இண்டெக்ஸ் 100, மற்றதில் 106 என்று வைத்துக்கொள்ளுங்கள். டயருக்கு 150 கிலோ வித்தியாசம், பின் ஆக்சிலுக்கு 300 கிலோ, அதாவது ஆறு மூட்டை சிமெண்ட். கார் டயரில் லோடு வண்டிக்கான பவுண்டும் பிடிக்க முடியாது. சித்திரை வெயிலில் தார் ரோடு கொதிக்கும்போது, தாங்காத பாரத்தோடு ஓடும் டயரின் சைடுவால் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து உள்ளே சூடாகிக்கொண்டே போகும். டயர் வெடிப்பது பெரும்பாலும் ஆணி குத்தி அல்ல, இந்தச் சூட்டில்தான்.

பந்தாவுக்காகப் பெரிய டயர் போடாதீர்கள். 215/75 ஆர் 15 டயரின் மொத்த உயரம் சுமார் 703 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 235/75 ஆர் 15 போட்டால் 733. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 62.5க்கு மேல் போகும். ஓடிய கிலோமீட்டர் மீட்டரில் குறைவாக விழும். கிலோமீட்டருக்கு வாடகை பேசும் வண்டி என்றால் நஷ்டம் உங்களுக்குத்தான். கிளம்பும்போது கிளட்ச் கூடுதலாக உழைக்கும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசும். எஃப்.சி.யிலும் கேள்வி வரும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் கேட்பார்.

ஒரே ஆக்சிலில் ரேடியலையும் நைலானையும் கலக்காதீர்கள். ரெண்டும் பாரத்தில் வேறு வேறு மாதிரி வளையும், பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பட்டன் வெட்டிய டயர் பக்கம் போகாதீர்கள். மொட்டை டயரில் சூட்டுக் கத்தியால் கோடு கிழித்துக் கருப்பு பாலிஷ் போட்டு விற்கிறார்கள். ரப்பர் ஏற்கெனவே தீர்ந்த இடத்தில் இன்னும் ஆழமாக வெட்டினால் கத்தி நிற்பது கம்பிக்குப் பக்கத்தில். வெட்டிய கோட்டில் தொழிற்சாலை அச்சின் சுத்தம் இருக்காது. பட்டனுக்கு நடுவே தேய்மானத்தைக் காட்டும் குட்டி மேடுகளும் காணாமல் போயிருக்கும். அந்த மேடு இல்லையென்றால் வாங்காதீர்கள்.

ரீட்ரேட் வேறு விஷயம். நல்ல கடையில், நல்ல உடம்புள்ள டயருக்குச் செய்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லாரி உலகம் அதில்தான் ஓடுகிறது. ஆனால் பிக்கப்பின் முன் சக்கரத்தில் வேண்டாம். 12 அங்குலச் சின்ன டயருக்கு ரீட்ரேட் கூலியையும் புது டயர் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ரேட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உதாரணத்துக்கு, 4,000 ரூபாய் டயர் 25,000 கிலோமீட்டரில் தீர்ந்தால் கிலோமீட்டருக்கு 16 காசு. 5,000 ரூபாய் டயர் 40,000 ஓடினால் பன்னிரண்டரைக் காசு. உங்கள் பழைய டயர் எத்தனை ஓடியது என்று மீட்டரைக் குறித்து வைத்திருந்தால் கடையில் எவரும் உங்களை ஏமாற்ற முடியாது.

சூடான டயரில் காற்றைக் குறைக்காதீர்கள். ஓடி வந்த டயரில் பவுண்டு ஏறித்தான் காட்டும்; அதைப் பிடுங்கிவிட்டால் ஆறியதும் குறைந்துபோகும். நைட்ரஜன் போட்டால் எல்லாம் சரியாகும் என்பதையும் பெரிதாக நம்ப வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

டியூப்லெஸ் டயர் கசிகிறது என்று உள்ளே டியூப் போட்டு மூடாதீர்கள். சைடுவால் பஞ்சரை ஒட்டாதீர்கள்.

மழையை எதிர்பார்த்துக்கொண்டு மொட்டை டயரில் ஓட்டாதீர்கள். சட்டப்படி பட்டன் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அது கடைசி எல்லை. அந்த ஆழத்தில் டயர் ரோட்டில் தேங்கிய தண்ணீரைச் சரியாக வெளியே தள்ளாது. எப்படியும் மாற்றப் போகிற டயர் என்றால் புரட்டாசியிலேயே, வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாற்றிவிடுங்கள்.

ஸ்டெப்னியை மறக்காதீர்கள். நாலு டயரும் புதுசு, அடியில் தொங்குவது எட்டு வருஷத்து வெடிப்பு விட்ட ரப்பர் என்றால் பஞ்சராகும் நாளில் வண்டி அங்கேயே நிற்கும்.

கழற்றிய டயரை மொட்டை மாடியில் போட்டு வைக்காதீர்கள். மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கடையில் எடைக்கோ எண்ணிக்கைக்கோ கொடுத்துவிடலாம். ஆனால் மொட்டை டயரைக் கொடுக்கும் முன் சைடுவாலில் கத்தியால் ஆழமாக ஒரு வெட்டுப் போட்டுக் கொடுங்கள், பாலிஷ் ஏறி அடுத்தவர் வண்டிக்குப் போகாமல் இருக்கும்.