சுவேதகேதுவின் இறுமாப்பு

வடநாடாயினும் தென்னாடாயினும், கோடையின் முடிவில் நம் நகரங்களின் தோற்றம் ஒன்றுபோலவே ஆகிவிடுகிறது. சாலைச் சந்திப்புகளில் பெரும் விளம்பரப் பலகைகள் எழுகின்றன. அவற்றில் மாணவர்களின் முகங்கள். ஒவ்வொரு முகத்தின் கீழும் ஓர் எண். தரவரிசையில் முன்னே நிற்பவரின் முகம் ஆளுயரம் இருக்கும். பின்னே செல்லச் செல்ல முகம் சிறுத்து, கடைசி வரிசையில் தபால்தலை அளவாகிவிடும். நாளிதழ்களின் பக்கங்களும் அவ்வாறே. அதே நாட்களில் வீடுகளிலும் ஒரு சிறிய விளம்பரப் பலகை எழுகிறது. கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் படமெடுக்கப்பட்டு உறவினர் அனைவரின் கைபேசிக்கும் செல்கிறது. திருமண வீடுகளில், பிள்ளை எங்கே படிக்கிறான் என்று எவரும் கேட்காதபோதே விடை சொல்லப்படுகிறது.

பிள்ளையின் வெற்றியில் பெற்றோர் மகிழ்வது இயல்பு. பாட்டிக்கும் தாத்தாவுக்கும் இனிப்பைக் கொடுத்து வணங்கச் சொல்வதில் குற்றம் காண்பவர் அன்பறியாதவர். இங்கே ஆராய வேண்டியது வேறு. மகிழ்ச்சி எந்த இடத்தில் பறைசாற்றலாக மாறுகிறது? அப்படி மாறும்போது அதன் சுமையைத் தாங்குபவர் யார்? சாந்தோக்ய உபநிஷதத்தின் ஆறாம் அத்தியாயம் இக்கேள்விகளுக்கு வெகு அருகில் தொடங்குகிறது.

தந்தையின் சொல்

அருணரின் புதல்வரான உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவைக் குருகுலத்துக்கு அனுப்புகிறார். அப்போது அவர் கூறும் காரணம் கவனிக்கத்தக்கது. நம் குலத்தில் பிறந்த எவரும் கல்லாதிருந்து, பிறப்பால் மட்டும் பிராமணன் என்று சொல்லிக்கொண்டதில்லை என்கிறார். கல்வி உயர்ந்தது, ஆகவே கற்று வா என்று அவர் சொல்லவில்லை. குலத்தின் பெயரை முன்வைத்தே அனுப்புகிறார். சிறுவனுக்கு அப்போது வயது பன்னிரண்டு.

மகன் பன்னிரண்டு ஆண்டுகள் பயின்று, இருபத்துநான்காம் வயதில் எல்லா வேதங்களையும் கற்றுத் திரும்புகிறான். எப்படித் திரும்பினான் என்பதை உபநிஷதம் மூன்றே சொற்களில் காட்டுகிறது. தன்னைப் பெரியவனாக எண்ணுபவன். தன்னைக் கற்றவனாக மதிப்பவன். 'ஸ்தப்தன்', அதாவது விறைத்து நிற்பவன். வணங்கும் இயல்பில்லாதவன் என்று ஆதிசங்கரர் இச்சொல்லுக்கு உரை கூறுகிறார். குலப்பெருமையைச் சொல்லி அனுப்பியதால்தான் மகன் விறைத்தான் என்று உபநிஷதம் வெளிப்படையாகக் கூறவில்லை. ஆயினும் அனுப்பிய சொல்லையும் திரும்பிய கோலத்தையும் அடுத்தடுத்த மந்திரங்களில் வைத்திருக்கிறது. தந்தை விதைத்தது மகனிடம் விளைந்திருக்கிறது என்று கொள்வது தவறாகாது.

பட்டம் பெற்று வந்த மகனைக் கண்டு உத்தாலகர் ஊரைக் கூட்டவில்லை. அவர் கண்ணில் முதலில் பட்டது மகனின் விறைப்பு. எதை அறிந்தால் கேளாததும் கேட்டதாகுமோ, அறியாததும் அறிந்ததாகுமோ, அந்த உபதேசத்தை ஆசிரியரிடம் கேட்டாயா என்று வினவுகிறார். மகனுக்கு விடை தெரியவில்லை. என் ஆசான்கள் இதை அறிந்திரார், அறிந்திருந்தால் எனக்குச் சொல்லாதிருப்பார்களா என்கிறான். பிறகு, தாங்களே கூறுங்கள் என்று தந்தையிடம் வேண்டுகிறான். விறைப்பு தளர்ந்தது அங்கேதான். ஒன்பது முறை 'தத் த்வம் அஸி' என்று முடியும் பேருபதேசம் அதன் பின்னரே தொடங்குகிறது.

உண்மையைச் சொல்வதும் டம்பமா?

'நாங்கள் பொய் சொல்லவில்லையே. பெற்ற இடத்தைத்தானே சொல்கிறோம்' என்று சிலர் கேட்கலாம். கீதையின் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் ஞானத்தின் இலக்கணமாகப் பகவான் அடுக்கும் குணங்களில் முதலிரண்டு அமானித்வமும் அதம்பித்வமும் ஆகும். மானித்வம் என்பது தன்னைத் தானே புகழ்வது என்றும், தம்பித்வம் என்பது தன் தர்மத்தைத் தானே வெளிப்படுத்திக் காட்டுவது என்றும் சங்கரர் விளக்குகிறார். இல்லாததைக் காட்டுவது மட்டுமே டம்பம் என்று அவர் கூறவில்லை. உள்ளதைக் காட்சிப் பொருளாக்குவதும் டம்பமே. பதினாறாம் அத்தியாயம் அசுர இயல்பைப் பட்டியலிடும்போது முதலில் வைப்பதும் இதே டம்பத்தைத்தான். அங்கே, தம்மைத் தாமே பெருமைப்படுத்திக்கொண்டு, பெயரளவில் வேள்வி செய்பவர்களைக் குறிக்கவும் சுவேதகேதுவுக்கு வழங்கிய அதே சொல் வருகிறது: 'ஸ்தப்தர்'.

இவ்வளவும் தன் தர்மத்தைத் தானே காட்டுபவனைப் பற்றியது. இரவெல்லாம் கண்விழித்துப் படித்தது பிள்ளை. அந்த உழைப்பை மற்றொருவர் தம்முடையதாகக் காட்டினால் அதற்கு என்ன பெயர் இடுவது?

பயிற்சி நிறுவனங்களிடம் இந்த வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்துவிட்டது. குடிமைப்பணித் தேர்வில் வென்றவர்களுள் பலர் நேர்முகத் தேர்வுக்கான வழிகாட்டலை மட்டுமே ஒரு நிறுவனத்தில் பெற்றிருக்க, அதை மறைத்து, முழுப் பயிற்சியும் தாமே அளித்ததுபோல் விளம்பரம் செய்த நிறுவனங்கள் மீது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2024 நவம்பரில் அது வெளியிட்ட நெறிமுறையின்படி, வெற்றி பெற்ற பின் அம்மாணவரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தைப் பெறாமல் அவர் பெயரையோ படத்தையோ பயன்படுத்தலாகாது. வீட்டில் இத்தகைய விதி எதுவும் இல்லை. மதிப்பெண் பட்டியலை உறவினர் குழுவில் இடும் முன் மகளிடம் ஒரு சொல் கேட்கும் பெற்றோர் எத்தனை பேர்?

பலகையில் இடம்பெறாத முகங்கள்

ராஜஸ்தானத்தின் கோட்டா நகரம் இன்று நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்குப் பெயர்பெற்றது. அங்கே இது தொடங்கிய விதம் எளியது. தசைநலிவு நோயால் பாதிக்கப்பட்ட வி. கே. பன்சால் என்ற ஆலைப் பொறியாளர் 1980-களில் தம் வீட்டு மேசையில் சில பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அங்கே விளம்பரப் பலகை ஏதும் இல்லை. அவர் மாணவர்கள் வென்றார்கள். பிறர் தேடி வந்தார்கள். பின்னர் ஊரே பயிற்சிக்கூடமாயிற்று. 2023 ஆகஸ்டில் மாவட்ட நிர்வாகம் அங்குள்ள விடுதி அறைகளின் மின்விசிறிகளில் சுருள்வில் பொருத்த ஆணையிட்டது. பாரம் ஏறினால் விசிறி கீழே இறங்கிவிடும். அந்த ஆணைக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. நாட்டிலுள்ள ஒவ்வொரு தாய்க்கும் அதன் பொருள் புரிந்தது.

2024 ஆம் ஆண்டில் ஜே.இ.இ. மெயின் தேர்வை எழுதியோர் 14 லட்சத்துக்கும் மேல். நாட்டின் 23 ஐ.ஐ.டி.களிலும் அவ்வாண்டு இருந்த இடங்கள் 18,000-க்கும் குறைவு. ஏறத்தாழ எண்பது பேருக்கு ஓர் இடம். என்.ஐ.டி. முதலியவற்றைச் சேர்த்துக்கொண்டாலும் பெரும்பாலோருக்கு இடமில்லை. இது பிள்ளைகளின் குறைபாடன்று, கணக்கு அப்படி. ஆனால் பலகையைப் பார்த்து வளரும் சிறுவனுக்கு அந்த எழுபத்தொன்பது பேரின் முகம் ஒருபோதும் தென்படுவதில்லை. ஆகவே, தான் ஒருவனே தோற்றதாக எண்ணிக்கொள்கிறான். அடுத்த வீட்டுப் பையனின் படம் தன் தந்தையின் கைபேசியில் வந்து விழும்போது, தந்தை ஒன்றும் சொல்லாவிட்டாலும், அவர் முகத்தை அவன் பார்க்கிறான். 2022 ஆம் ஆண்டில் மட்டும் 13,044 மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. காரணங்கள் பல, எல்லாவற்றையும் தேர்வின் மேல் ஏற்றுவது சரியன்று. ஆயினும் அவ்வெண்ணைப் படித்த பின், தம் வீட்டுப் பேச்சை ஒருமுறை செவிகொடுத்துக் கேட்காமல் கடந்து செல்ல இயலாது. (சோர்ந்த பிள்ளைகளுக்கும், என்ன பேசுவதென்று திகைக்கும் பெற்றோருக்கும் மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது; தமிழிலும் பேசலாம்.)

வென்ற பிள்ளைக்கும் இது நன்மை செய்வதில்லை. ஆளுயரப் படமானவன் கல்லூரிக்குச் சென்று பார்த்தால், அங்கே எல்லோரும் ஆளுயரப் படமானவர்களே. முதல் பருவத் தேர்வில் வகுப்பின் நடுவில் நிற்க நேர்ந்தால் அதை வீட்டுக்குச் சொல்ல அவனுக்கு வாய் வருவதில்லை.

அரசுகளும் சிறிது உணர்ந்திருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2017-இல் பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடங்களை அறிவிப்பதை நிறுத்தியது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2023-இல் தகுதிப் பட்டியலையும் முதல், இரண்டாம் வகுப்பு என்ற பிரிவுகளையும் வெளியிடவில்லை. 2024 ஜனவரியில் வந்த மத்தியக் கல்வி அமைச்சகத்தின் வழிகாட்டுதல், பயிற்சி மையங்கள் தம் உள்தேர்வு முடிவுகளைப் பலரறிய வெளியிடலாகாது என்றது. சுற்றறிக்கையின் எல்லை அவ்வளவுதான். சாப்பாட்டு வேளைப் பேச்சுக்குள் அது நுழைய முடியாது.

பாஞ்சாலத்து அவை

அதே சாந்தோக்யத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் சுவேதகேதுவை மற்றொரு காட்சியில் காண்கிறோம். அவன் பாஞ்சாலர்களின் அவைக்குச் செல்கிறான். அரசன் பிரவாஹணன், உன் தந்தை உனக்குக் கற்பித்தாரா என்று கேட்கிறான். ஆம் என்கிறான் இளைஞன். அரசன் ஐந்து கேள்விகளை அடுக்குகிறான். இறந்தோர் எங்கே செல்கிறார்கள், எவ்வாறு மீள்கிறார்கள் என்பன போன்றவை. ஒன்றுக்கும் விடை தெரியவில்லை. இவற்றை அறியாதவன் தன்னைக் கற்பிக்கப்பட்டவன் என்று எப்படிச் சொல்லிக்கொள்ளலாம் என்று அரசன் அவையறியக் கேட்டுவிடுகிறான்.

நொந்துபோய் வீடு திரும்பிய மகன் தந்தையின் மேலேயே பாய்கிறான். கற்பிக்காமலேயே கற்பித்துவிட்டதாகச் சொன்னீரே, ஐந்தில் ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லையே என்கிறான். குலத்தின் பெயர் அரசவையில் விழுந்துவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லியே மகனைக் கல்விக்கு அனுப்பிய தந்தையின் முன் அவன் நிற்கிறான். கடிந்துகொள்ள உத்தாலகருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர் கடிந்துகொள்ளவில்லை. இவற்றில் ஒன்றையும் நானும் அறியேன், அறிந்திருந்தால் உனக்குச் சொல்லாதிருப்பேனா என்றார்.

பிருகதாரண்யகத்திலும் இக்கதை உண்டு. அங்கே, வா, இருவருமாகச் சென்று மாணவர்களாக இருப்போம் என்று மகனை அழைக்கிறார். மகன், நீரே செல்லும் என்று சொல்லிவிடுகிறான். அதற்கும் அவர் சினந்ததாக உபநிஷதம் கூறவில்லை. தோற்ற இடத்துக்குத் திரும்பிச் செல்ல அவன் மனம் அப்போது இசையவில்லை. தந்தை வற்புறுத்தாமல் தனியே புறப்பட்டார்.

அரசன் அவரை உபசரித்து, மனிதர் விரும்பும் செல்வங்களில் வேண்டியதைக் கேட்கச் சொன்னான். செல்வம் உம்மிடமே இருக்கட்டும், என் மகனிடம் நீர் கேட்டவற்றை எனக்குச் சொல்லும் என்றார் உத்தாலகர். அரசன் சற்றுத் தயங்கினான். பிறகு, நெடுநாள் இங்கே தங்கும் என்றான். பலருக்கு ஆசானாயிருந்த அவர் மாணவராக அங்கே தங்கினார்.