கூட்டத்தில் போன நேரம் எவ்வளவு? எக்ஸெலில் ஒரு கணக்கு

பிளவக்கல் அணைக்குப் பக்கத்தில் கயிறு திரிக்கும் ஒரு சிறு குழுவுக்கு நான் கணக்கு எழுதித் தருகிறேன். பன்னிரண்டு பேர், மணிக் கணக்கில் கூலி. யார் எப்போது வந்தார்கள், கூட்டத்தில் எவ்வளவு நேரம் போனது, யார் எதற்காக வெளியே சென்றார்கள் என்பதை எக்ஸெலில் பதிவு செய்ய இந்த ஷீட்டைத் தயாரித்தேன். உங்கள் கடைக்கும் அலுவலகத்துக்கும் இது பொருந்தும். லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் இதே முறைதான்.

முதல் வரிசையில் ஏ முதல் ஜி வரை இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: தேதி, பெயர், விவரம், தொடக்கம், முடிவு, ஆட்கள், நேரம். விவரம் என்ற காலத்தில் ஐந்து சொற்கள் போதும்: வருகை, கூட்டம், குழு வேலையாக வெளியே, கரண்ட் இல்லை, சொந்த வேலை. வருகை என்பது ஒருவர் வந்ததிலிருந்து வீடு திரும்பும் வரை. மற்றவை அதற்குள் அடங்கியவை. கன்ட்ரோல், ஷிப்ட் கீகளுடன் அரைப்புள்ளி கீயை அழுத்தினால் அப்போதைய நேரம் செல்லில் வந்துவிடும்.

இனி ஜி2 செல்லில் இந்த ஃபார்முலாவைக் கொடுங்கள். (இங்கே தமிழில் தந்திருக்கிறேன், நீங்கள் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும்.)

=மாட்(இ2-டி2,1)*எஃப்2

மாட் என்பது எம், ஓ, டி என்ற மூன்றெழுத்து ஃபங்ஷன். எதற்கு இது? இரவுக் காவலர் 10 மணிக்கு வந்து காலை 6 மணிக்குப் போகிறார். முடிவிலிருந்து தொடக்கத்தை வெறுமனே கழித்தால் மைனஸ் விடை வரும்; எக்ஸெல் அதை நேரமாகக் காட்டாமல் செல் முழுக்க கட்டக் குறிகளை நிரப்பிவிடும். மாட் இருந்தால் சரியாக 8 மணி நேரம் கிடைக்கும். ராஜபாளையத்து மில்களின் நைட் ஷிப்ட்டுக்கும் இதே வழிதான்.

கூட்டம் காலை 9.15 முதல் 10 வரை நடந்தது என்று வைத்துக்கொள்வோம். முக்கால் மணி நேரம்தானே என்று தோன்றும். ஆட்கள் காலத்தில் 12 போட்டுப் பாருங்கள்: 9 மணி நேரம்! ஒருவரின் முழு நாள் வேலையை விட அதிகம். பேச வேண்டியதை முன்கூட்டியே எழுதி வைத்தால் இது பாதியாகக் குறையும்.

மொத்த நேரம் 24 மணியைத் தாண்டினால் எக்ஸெல் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணும். கன்ட்ரோல் கீயுடன் 1 அழுத்தி, கஸ்டம் பிரிவில் சதுர அடைப்புக்குள் ஹெச், பிறகு கோலன், இரண்டு எம் என்று கொடுங்கள். சரியாகிவிடும்.

அடுத்ததுதான் கூலியைப் பாதிக்கும் விஷயம். எக்ஸெலுக்கு ஒரு நாள் என்பது 1. ஆகவே 8 மணி நேரம் என்பது மூன்றில் ஒரு பங்கு. மணிக்கு 60 ரூபாய் என்று அப்படியே பெருக்கினால் 480 ரூபாய்க்குப் பதில் 20 ரூபாய்தான் வரும். எனவே முதலில் 24-ஆல் பெருக்குங்கள்; பிறகு கூலியால் பெருக்குங்கள்.

ஒருவருக்குரிய நேரத்தைப் பிரிக்க சம்இஃப்ஸ் ஃபங்ஷன் உதவும். அவர் பெயரில் உள்ள வருகை நேரத்திலிருந்து சொந்த வேலை நேரத்தை மட்டும் கழியுங்கள். கூட்டத்தையும் கரண்ட் இல்லாத நேரத்தையும் கழிக்கக் கூடாது. கூட்டத்தைக் கூட்டியது குழு. கரண்ட் போனதற்கு அவர் பொறுப்பல்ல.

நேரத்தோடு காரணத்தையும் ஏன் எழுத வேண்டும்? நூறு நாள் வேலைத் திட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். மத்திய அரசு 2021 மே மாதம் ஒரு மொபைல் ஆப்பை அறிமுகப்படுத்தியது. 2023 ஜனவரி 1 முதல் பொதுப் பணிகள் எல்லாவற்றிலும், இடக் குறிப்புடன் நாளுக்கு இரண்டு ஃபோட்டோ எடுப்பது கட்டாயமானது. சிக்னல் இல்லாமல் படம் ஏறாததால் வேலை செய்த நாளுக்குக் கூலி போயிற்று என்று தொழிலாளர்கள் புகார் சொன்னார்கள். அந்த ஆண்டே டெல்லி ஜந்தர் மந்தரில் போராடினார்கள். இன்னொரு பக்கம், ஃபோட்டோவையே ஃபோட்டோ எடுத்து ஏற்றும் மோசடி நடப்பதாக மத்திய அமைச்சகமே 2025 ஜூலையில் சுற்றறிக்கை அனுப்பியது. உழைத்தவர் பதிவில் விடுபட்டார். வராதவர் பதிவில் இடம்பெற்றார்.

எனவே ஷீட்டை மறைத்து வைக்காதீர்கள். சனிக்கிழமைதோறும் பிரிண்ட் எடுத்து, அவரவர் வரியை அவரவரிடம் படித்துக் காட்டுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்தி, கையெழுத்து வாங்கிய பிறகு கூலியைக் கணக்கிடுங்கள். இந்த வாரமே தொடங்கிப் பாருங்களேன்!