பாடம்: இடுப்பில் கட்டிய ஸ்கானர் உங்கள் வளவைப் பாதுகாக்குமா?

ஊர் திரும்பிய குடும்பங்களுக்கு வேலைகள் வரிசையாக நிற்கும். கிணறு இறைக்க வேண்டும், வேலி அடைக்க வேண்டும், மாரி தொடங்குமுன் நிலத்தைக் கொத்த வேண்டும். மிதிவெடி அகற்றும் பிரிவினர் இன்னும் உங்கள் பக்கம் வரவில்லை என்றால் பொறுமை குறைவது இயல்பு. இந்த நேரத்தில், “என்னிடம் ஸ்கானர் இருக்கிறது, காசு தந்தால் வளவைப் பார்த்துத் தருகிறேன்” என்று ஒருவர் முன்வரலாம். பழைய இரும்பு தேடுவதற்காக வாங்கிய கருவியாக அது இருக்கும். கை வலிக்காமல் இருக்க அதன் பெட்டியை இடுப்புப் பட்டியில் கட்டி, சுருளுக்குப் போகும் வயரை வெட்டி நீட்டி ஒட்டியும் இருப்பார்கள். அந்தக் கருவியை ஏன் நம்பக்கூடாது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

உலோகம் கண்டறியும் கருவியில் மூன்று முக்கிய பகுதிகள் உண்டு: நிலத்துக்கு மேலே அசையும் வட்டச் சுருள், மின்சுற்று உள்ள பெட்டி, இரண்டையும் இணைக்கும் வயர். சுருள் நிலத்துக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் உண்டாகி, மெல்லிய எதிர்ச்சைகை திரும்பி வருகிறது. பெட்டி அதைப் பிரித்தறிந்து ஒலி எழுப்புகிறது.

பெட்டியை இடுப்பில் கட்டுவது தவறல்ல. அப்படிப் பாவிப்பதற்கென்றே தயாரிக்கப்பட்ட கருவிகளும் உள்ளன. அவற்றின் வயரின் நீளத்தையும் கணக்கில் எடுத்தே மின்சுற்றை அமைத்திருப்பார்கள். வீட்டில் வயரை வெட்டி ஒட்டும்போது அந்தக் கணக்குக் குழம்பிவிடுகிறது.

வயரை நீட்டினால் என்ன நடக்கும்?

அருகருகே ஓடும் இரு கம்பிகள் தமக்கிடையே சிறிதளவு மின்னேற்றத்தைச் சேமிக்கும். பாடசாலையில் இதைக் கொள்ளளவம் என்று படித்திருப்பீர்கள். வயர் நீள நீள அது கூடும். ஒருவகைக் கருவியில் இதனால் சுருளின் அதிர்வெண் இசைவு பிசகும். துடிப்பு முறையில் இயங்கும் கருவியில் சுருளின் சொந்தச் சைகை அடங்கப் பிந்தும். சிறிய உலோகத்தின் எதிர்ச்சைகையோ செக்கனின் இலட்சத்தில் சில பங்குக்குள் மறைந்துவிடும். ஆகவே கருவி கேட்கத் தொடங்கும்போது அந்தச் சைகை முடிந்திருக்கும். வயரைச் சுற்றியுள்ள காப்பு உறை சரியாகப் பொருத்தப்படாவிட்டால், நடக்கும்போது வயர் ஆடுவதாலும் பொய்ச் சத்தம் வரும்.

இவ்வளவு நடந்த பிறகும் கருவி வேலை செய்வது போலவே இருக்கும். ஒரு ரூபாய்க் குற்றியை நிலத்தில் போட்டால் ஒலிக்கும், மண்வெட்டிக்கும் ஒலிக்கும். அதைப் பார்த்து நாமும் நம்பிவிடுவோம். ஆனால் பிளாஸ்ரிக் உடல் கொண்ட மிதிவெடிகளில் உலோகம் மிகக் குறைவு. வன்னியில் பலரும் அறிந்த ஜொனி மிதிவெடியின் உடல் மரப்பெட்டி. குற்றியைக் கண்டுபிடித்த கருவி மண்ணுக்குள் கிடக்கும் அந்தச் சிறு உலோகத்தையும் கண்டுபிடிக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. சத்தம் வராத நிலம் பாதுகாப்பான நிலம் அல்ல.

பயிற்சி பெற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

அவர்கள் கருவியை மாற்றியமைப்பதில்லை. வேலை தொடங்குமுன், அந்த இடத்தில் எதிர்பார்க்கப்படும் மிதிவெடிக்கு ஒப்பான மாதிரித் துண்டைக் கொண்டு கருவியைச் சோதிக்கிறார்கள். ஒடுங்கிய பாதை ஒன்றை அளந்து, அங்குலம் அங்குலமாக முன்னேறுகிறார்கள். இரும்புத் துண்டுகள் நிறைந்த இடங்களில் றேக் கொண்டு மண்ணை மெல்ல மெல்ல வாரித் தேடுகிறார்கள். முடிந்தபின் வேறொருவர் தரத்தைப் பரிசோதித்த பின்னரே காணி கையளிக்கப்படுகிறது. நல்ல கருவிகூட இந்த ஒழுங்கில் ஒரு பகுதி மட்டுமே.

நீங்கள் செய்ய வேண்டியவை

- யாரையும் தனியார் கருவியோடு உங்கள் காணிக்குள் இறக்காதீர்கள். முதலில் காலை வைப்பவர் அவர்தான். அவரும் ஒரு வீட்டின் பிள்ளை.
- மண்டையோட்டுப் பலகை, சிவப்புத் தடி, எல்லை நாடா ஆகியவற்றைத் தாண்டாதீர்கள், பிடுங்காதீர்கள்.
- சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள், கல் எறியாதீர்கள், எரிக்காதீர்கள். பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்தி, கிராம அலுவலருக்கோ 119 இலக்கத்தில் பொலிசாருக்கோ அறிவியுங்கள்.
- ஆபத்தான இடத்துக்குள் வந்துவிட்டதாக உணர்ந்தால் அசையாமல் நின்று உதவி கேளுங்கள்.
- உங்கள் காணி அகற்றல் பட்டியலில் உள்ளதா, எப்போது கையளிக்கப்படும் என்பதைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை.

வீட்டில் பேசுவோம்

1. குற்றியைக் காட்டிச் செய்யும் சோதனை ஏன் போதாது?
2. பழைய இரும்பு விற்றுச் சீவிக்கும் அயலவர் ஒருவருக்கு இதை எப்படி எடுத்துச் சொல்வீர்கள்?
3. உங்கள் பிள்ளைகள் விறகுக்கும் விளையாட்டுக்கும் போகும் பாதைகள் எவை? அவை துப்புரவாக்கப்பட்டவையா?

காணி இன்னொரு போகம் காத்திருக்கலாம். இழந்த காலைத் திருப்பித் தர எந்த விளைச்சலாலும் முடியாது.