தினமும் 10 கிலோமீட்டர் ஓடுபவருக்கு லேயில் மூச்சு வாங்கியது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 46. பல வருடமாக ஓடுகிறேன். ஊரில் காலையில் 10 கிலோமீட்டர் ஓடினாலும் பெரிதாக மூச்சு வாங்காது. போன ஜூனில் குடும்பத்தோடு லடாக் போனோம். டெல்லியிலிருந்து விமானத்தில் லே போய் இறங்கிய அன்று மாலையே சாந்தி ஸ்தூபிப் படிகளில் வேகமாக ஏறினேன். பாதி வழியில் மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்து நின்றுவிட்டேன். இரவில் தலைவலி. தூக்கத்தில் மூச்சுக்குத் திணறி எழுந்தேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஆக்ஸிமீட்டர் 86 காட்டியது. உடற்பயிற்சி பக்கமே போகாத என் மச்சான், நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து மேலே வந்து சேர்ந்தார். அவருக்குத் தலைவலிகூட இல்லை. என் இதயத்தில் கோளாறா? பயிற்சியெல்லாம் வீணா? அடுத்த வருடம் மறுபடி போக ஆசைப்படுகிறேன்.

– வாசகர், திருநெல்வேலி

பதில்: நீங்கள் எழுதியதில் இதயக் கோளாறின் அடையாளம் எனக்குத் தெரியவில்லை. நெஞ்சுவலியோ மயக்கமோ இருந்ததாக நீங்கள் சொல்லவில்லை. ஆனாலும் 46 வயதில் மறுபடி அவ்வளவு உயரம் போகும்முன் இசிஜி, டிரெட்மில் பரிசோதனை இரண்டையும் செய்துகொள்ளுங்கள். அது பொதுவான எச்சரிக்கை. அன்று உங்களை நிறுத்தியது வேறு விஷயம்.

முதலில் ஊரில் ஓடும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சும்மா இருக்கையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறோம். இதயம் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. முழு மூச்சாக ஓடும்போது காற்று 100 லிட்டரைத் தாண்டும், ரத்தம் 20 லிட்டரைத் தொடும். தசைகளும் வரும் ரத்தத்திலிருந்து வழக்கத்தைவிட மிக அதிகமாக ஆக்ஸிஜனை உறிஞ்சிக்கொள்கின்றன. இவ்வளவுக்கும் தமனி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு பெரும்பாலும் குறைவதே இல்லை. அதாவது சமவெளியில் ஓடுபவருக்கு நுரையீரல் தடையாக இருப்பதில்லை. எவ்வளவு ரத்தத்தை இதயம் தள்ளும், அதைத் தசை எப்படிப் பயன்படுத்தும் என்பதே எல்லை. உங்கள் பயிற்சி வளர்த்தது அந்த இரண்டையும்தான். நுரையீரலைப் பயிற்சி அதிகம் மாற்றுவதில்லை.

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன்தான். ஆனால் காற்றின் அழுத்தமே கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆக்ஸிஜனை நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் தள்ளுவது இந்த அழுத்தம். சமவெளியில் ஓய்வாக இருக்கும்போது ஒரு சிவப்பணு நுரையீரலின் நுண்குழாயில் முக்கால் விநாடி இருக்கும். ஆக்ஸிஜன் நிரம்பக் கால் விநாடியே போதும். வேகமாக ஓடினால் அந்த முக்கால் விநாடி சுருங்குகிறது, ஆனாலும் சமாளித்துவிடலாம். மலையிலோ தள்ளுகிற அழுத்தம் குறைவு, நிரம்ப அதிக நேரம் வேண்டும். அதே சமயம் படியேறும் இதயம் ரத்தத்தை விரட்டுகிறது. பேருந்து நிற்கும் நேரமும் குறைந்து, கூட்டமும் மெதுவாக ஏறினால் பாதி இருக்கை காலியாகவே வண்டி கிளம்புவது போலத்தான். இதயம் எவ்வளவு வலுவானதோ அவ்வளவு விரைவாக வண்டி கிளம்பும்! நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் உயரத்தில் தங்கள் திறனில் மற்றவர்களைவிடப் பெரிய பங்கை இழப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் மச்சான் நாலு இடத்தில் உட்கார்ந்தார் அல்லவா? ஒவ்வொரு முறையும் அவருடைய ரத்தத்துக்கு நிரம்ப நேரம் கிடைத்தது. சோம்பலால் உட்கார்ந்திருந்தாலும் அதுதான் சரியான முறை.

1968 மெக்ஸிகோ ஒலிம்பிக் இதை உலகத்துக்கே காட்டியது. மெக்ஸிகோ நகரம் ஏறத்தாழ நம் ஊட்டியின் உயரம்தான், 2,240 மீட்டர். 10,000 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனையை (27 நிமிடம் 39 விநாடி) கையில் வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து, எல்லைக்கோட்டில் சுருண்டு விழுந்தார். வென்ற கென்யாவின் நஃப்தாலி தெமுவுக்கே 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. தெமு பிறந்து வளர்ந்தது மேட்டுநிலத்தில்.

உட்கார்ந்திருக்கையில் 86 காட்டியும் ஏன் ஒன்றும் தெரியவில்லை? எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். மூச்சு முட்டும் உணர்வை எழுப்புவது பெரும்பாலும் உடலில் சேரும் கார்பன் டை ஆக்ஸைடு. ஆக்ஸிஜன் மட்டும் குறைந்தால் உடல் அவ்வளவாகக் கூச்சல் போடாது. 1875 ஏப்ரலில் 'ஜெனித்' என்ற பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் 8,000 மீட்டருக்கு மேல் ஏறினார்கள். ஆக்ஸிஜன் பைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. எடுக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் கை செயலிழந்தது. குரோசே-ஸ்பினெல்லியும் சிவெலும் இறந்தார்கள். உயிரோடு இறங்கியவர் திசாந்தியே மட்டும். லே அவ்வளவு உயரமில்லை, முதல் நாளில் 86 அங்கு அசாதாரணமும் இல்லை. ஆனால் 'எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது' என்ற உணர்வை மட்டும் நம்பி மேலே போகாதீர்கள்.

ஆக்ஸிஜன் குறைவை நேரடியாக உணரும் உறுப்பு ஒன்று கழுத்துத் தமனிகள் பிரியும் இடத்தில் இருக்கிறது, அரிசி மணியளவில். கரோட்டிட் உடலம் என்பார்கள். இது மூச்சைக் கட்டுப்படுத்துவது பற்றிய ஆய்வுக்காக பெல்ஜியத்தின் கோர்னேய் ஹேமான்ஸ் 1938க்கான நோபல் பரிசு பெற்றார். அது எவ்வளவு கூர்மையானது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஓடி ஓடி அதைப் பழக்க முடியாது. மலைத் தலைவலி யாருக்கு வரும் என்பதை உடற்கட்டை வைத்துச் சொல்ல முடியாததற்கு இது ஒரு காரணம்.

கரோட்டிட் உடலம் மூச்சை வேகப்படுத்தியதும் ஒரு சிக்கல் வருகிறது. கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தம் காரமாகிறது. உடனே மூளை மூச்சுக்குக் கடிவாளம் போடுகிறது. இரவில் இந்த இழுபறியில் சில விநாடிகள் மூச்சு நின்றே போகும், பிறகு பெருமூச்சோடு திரும்பும். நீங்கள் திணறி எழுந்தது அதனால்தான். சிறுநீரகம் சில நாட்களில் பைகார்பனேட்டை வெளியேற்றிக் கடிவாளத்தைத் தளர்த்தும். புதிய சிவப்பணுக்கள் போதுமான அளவு சேர வாரக்கணக்கில் ஆகும். எனவே ஒரு வாரச் சுற்றுலாவில் உங்களைக் காப்பாற்றுவது மூச்சும் சிறுநீரகமும்தான். அவற்றுக்கு அவகாசம் கொடுங்கள்.

தாராளமாகப் போய் வாருங்கள். லேயில் முதல் இரண்டு நாள் படியும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம், மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. அசெட்டஸோலமைடு மாத்திரை சிறுநீரகத்தின் வேலையை விரைவுபடுத்தும். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் சொல்லி, மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டும் சாப்பிடுங்கள். ஓய்வில் இருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ, இருமலோடு நுரை வந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ அது நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கும் அறிகுறி. மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டே கீழே இறக்க வேண்டும். லேயிலேயே இப்படி ஆனால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

பயண வரிசையையும் மாற்றுங்கள். முதலில் நூப்ரா பள்ளத்தாக்கு. வழியில் 5,300 மீட்டருக்கு மேலுள்ள கர்துங் லா கணவாயில் படம் எடுத்ததும் கிளம்பிவிடுங்கள். அங்கே இரவு தங்கும் ஹுண்டர் லேயைவிடத் தாழ்வானது. 4,200 மீட்டரைத் தாண்டிய பாங்காங் ஏரிக்கரையில் தங்குவதைக் கடைசிக்கு வையுங்கள். அங்கே உடம்பு கெட்டால் லே திரும்பும் வழக்கமான வழியில் ஏரியைவிட ஆயிரம் மீட்டர் உயரமான சாங் லா கணவாயை ஏறித் தாண்டித்தான் இறங்க முடியும்.