ஓடிய குதிரைக்கு ஓய்வு தேவை

ஜட்கா வண்டிகள் அருகிவிட்டாலும், திருவிழாப் பந்தயத்துக்காகக் குதிரை வளர்ப்போர் தென் மாவட்டங்களில் இன்றும் உண்டு. பந்தயம் முடிந்த இரண்டு மூன்று நாளில் குதிரை காய்ச்சல் கண்டு தீனி எடுக்காமல் நின்றால், கண் பட்டது என்று எண்ண வேண்டாம். முதலில் நுரையீரலைக் கவனிக்க வேண்டும்.

குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும். பாய்ந்து ஓடும்போது தூசியும் கிருமிகளும் நுரையீரலின் அடிவரை செல்லும். அவற்றை விழுங்கி அழிக்கும் காவல் அணுக்கள், சக்திக்கு மீறி ஓடிய பின் சில நாட்கள் மந்தமாகிவிடுகின்றன. அளவான அன்றாட ஓட்டத்தால் இக்கேடு இல்லை. வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்குங்கள்.

ஓடிய கையோடு லாரியில் ஏற்றித் தலையைத் தூக்கிக் கட்டுவது பெருந்தவறு. தலை தாழ்ந்தால்தான் மூச்சுக்குழலிலுள்ள சளி வடியும். நெடுந்தூரப் பயணத்தில் இடையிடையே நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, தரையில் புல் போட்டுத் தின்ன விடுங்கள். பூஞ்சை பிடித்த தீனி கூடவே கூடாது. உலர்ந்த புல்லை நனைத்துப் போடலாம்.

2008-ல் ஜம்மு பகுதியில் கண்ட குதிரை இன்புளுயன்சா பல மாநிலங்களுக்குப் பரவியது. இந்நோய் மூச்சுக்குழலின் உட்தோலை அழித்துவிடும். அது மீண்டும் வளர மூன்று வாரமாகும். இருமல் நின்ற மறுநாளே வண்டியில் பூட்டாதீர்கள். காய்ச்சல் அடித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு, எப்படியும் மூன்று வாரத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். ஓய்ந்து நிற்கும்போதே உடல் வெப்பம் 101.5 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள்.