கட்புலனும் காட்சியும்

கண் திறந்திருப்ப, ஒளியும் உளதாக, முன்னுள்ள பொருள் உள்ளவாறே காணப்படும் என்பது பலர் துணிபு. உபாத்தியாயர்களுட் பலரும் இத்துணிபினராய், கரும்பலகையில் எழுதியதை மாணாக்கர் யாவரும் ஒருபடித்தாகவே காண்கின்றனர் எனக் கொள்கின்றனர். அஃது அங்ஙனமன்று என்பதை ஒரு சோதனையாற் காட்டுவாம்.

வெள்ளைக் கடதாசியொன்றில் இடப்புறத்தே ஒரு கூட்டற்குறியும், அதற்கு 3 அங்குலம் வலப்புறத்தே ஒரு சிறு கரும்பொட்டும் இடுக. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணாற் கூட்டற்குறியையே நோக்கியவாறு, கடதாசியைக் கையெட்டுந் தூரத்திலிருந்து மெல்ல முகத்தருகே கொணர்க. ஏறக்குறைய ஓரடித் தூரத்திலே பொட்டு மறைந்துபோம். மேலும் அணுக்கின் மீளத் தோன்றும். பார்வை நரம்பு விழியை விட்டு நீங்கும் இடத்தில் ஒளியை யேற்கும் அணுக்கள் இல்லாமையே இதற்குக் காரணம். இக்குருட்டிடத்தைப் பிரான்சு தேசத்து மாரியொத் என்பவர் ஆராய்ந்து 1668ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

பொட்டு மறைந்தமை பெரிதன்று. மறைந்தவிடத்தில் இருளோ துவாரமோ தோன்றாது வெண்கடதாசியே தோன்றுவதுதான் வியப்பு. பொட்டினூடாக ஒரு கோடு கீறிப் பார்ப்பின், பொட்டு மறைந்தபின்னரும் கோடு இடையறாது செல்வதுபோலக் காணப்படும். கண் கொடாததை மூளை அயலிலிருந்தெடுத்து நிரப்பிவிடுகின்றது. ஆகவே புலன் கொணர்வது வேறு, நாம் கண்டோமென்பது வேறு. நம் அளவை நூலார் பொருளுண்மை மாத்திரம் அறிவதை நிருவிகற்பம் என்றும், அதனையே பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்பவற்றோடு கூட்டி அறிவதைச் சவிகற்பம் என்றும் பிரித்தனர். இவ்விருவகைப் பிரிவும் முற்றும் ஒன்றேயென்று யாம் சொல்லத் துணியோம். ஆயினும் சித்தாந்தம் பயின்ற உபாத்தியாயருக்கு இப்பொருள் முற்றிலும் புதிதன்று.

இனி, நிரம்பிய காட்சியையே காண்பவன் தன் குறையை எங்ஙனம் அறிவான்? ஆங்கில இரசாயன அறிஞராகிய ஜோன் டால்ட்டன், தாமும் ஓர் ஆசிரியராயிருந்தவர். தமது பார்வை பிறர் பார்வையின் வேறென்பதை 26 வயதளவும் அறிந்திலர். 1792இல், பகலில் தமக்கு நீலமாய்த் தோன்றிய ஜெரேனியம் பூ, மெழுகுதிரி வெளிச்சத்திற் சிவப்பாய்த் தோன்றக் கண்டார். பிறரை வினாவியபோது, தம் சகோதரரையன்றி ஏனையோர்க்கு அவ்வேறுபாடு இல்லையெனத் தெளிந்தார். 1794இல் இதனை மஞ்செஸ்டரில் ஒரு கட்டுரையாக வாசித்தார். விழிநீர் நீலமாயிருத்தலே காரணமென்பது அவர் கருத்து. 1844இல் அவர் இறந்தபின் விழியைச் சோதித்தபோது அந்நீர் தெளிவாகவே இருந்தது. பாதுகாக்கப்பட்ட விழியிலிருந்து 1995இல் மரபணுவை ஆராய்ந்தோர், பச்சையொளிக்குரிய நிறப்பொருள் இல்லாமையே காரணமெனக் கண்டனர்.

பேரறிஞர் ஒருவர்க்கே இஃது இத்துணைக்காலம் புலப்படாதாயின், எட்டு வயதுச் சிறுவன் யாது செய்வான்? கிட்டப்பார்வையுள்ள பிள்ளை, பலகையெழுத்து யாவர்க்கும் மங்கலாகவே தோன்றுமென எண்ணுகின்றான். அயலான் கொப்பியைப் பார்த்தெழுதுகின்றான். கள்ளனென்றும் மந்தனென்றும் அடிபடுகின்றான். “தெரிகிறதா?” என வினாவின் “தெரிகிறது” என்பான். அது பொய்யன்று. ஆதலின் “யாது தெரிகிறது?” என்றே வினாவுக. தவணைத் தொடக்கத்திலே ஒவ்வொருவரையும் பின்வாங்கில் இருத்தி, ஒரு கண்ணை மூடுவித்துப் பலகையிலுள்ள எழுத்தைத் தனித்தனி வாசிப்பிக்க. இடர்ப்படுவோரைக் கண்வைத்தியரிடங் காட்டுமாறு பெற்றோர்க்கு அறிவிக்க. பிறவி நிறக்குருட்டிற்கோ வழக்கமான மூக்குக்கண்ணாடி பரிகாரமாகாது. அங்கே மாற்றவேண்டுவது வெண்கட்டி. பச்சைப் பலகையிற் சிவப்பால் எழுதற்க. தேசப்படத்திற் சிவப்பாலும் பச்சையாலும் மாத்திரம் பிரித்த பகுதிகளுக்குப் பெயரும் எழுதிவிடுக.