கொலையாளியின் கூற்றும் கேட்போரும்: ‘டெக்ஸ்டர்’ நாவலும் தொலைக்காட்சித் தொடரும்

ஜெஃப் லிண்ட்சேயின் ‘டார்க்லி டிரீமிங் டெக்ஸ்டர்’ என்னும் குற்றப்புனைவு 2004இல் வெளிவந்தது. மயாமி காவல்துறையில் இரத்தத் தடய வல்லுநனாகப் பணியாற்றும் டெக்ஸ்டர் மார்கன், சட்டத்துக்குத் தப்பிய கொலையாளிகளைத் தேர்ந்து கொல்பவன். இந்நாவலை அடியொற்றிய தொடரை ஷோடைம் தொலைக்காட்சி 2006 முதல் 2013 வரை எட்டுப் பருவங்களாக, 96 பகுதிகளில் ஒளிபரப்பியது. முதற்பருவம் மட்டுமே நாவலின் கதைப்போக்கைத் தழுவியது. அதிலும் மாற்றங்கள் பல. அவற்றை வணிகத் தேவை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் அவற்றின் வேர் எடுத்துரைப்பில் உள்ளது.

நாவல் டெக்ஸ்டரின் தன்மைக் கூற்றாக அமைந்தது. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்றையும் கேட்போரையும் தனித்தனிச் செய்யுளுறுப்புகளாக எண்ணும். அவ்விணையை இங்குப் பொருத்திப் பார்க்க இடமுண்டு. டெக்ஸ்டரின் கூற்றுக்குக் கதையுலகில் கேட்போர் எவருமிலர். வாசகரே அவ்விடத்தில் அமர்த்தப்படுகிறார். நகை தோய்ந்த அக்குரலை விரும்பிக் கேட்கத் தொடங்கிய அளவிலேயே அவர் கொலைக்கு உடன்பட்டவராகிறார்.

நகரில் மற்றொருவன் நிகழ்த்தும் கொலைகள் டெக்ஸ்டரின் கனவில் வருகின்றன. அவற்றைச் செய்பவன் தானேயோ என்று அவன் ஐயுறுகிறான். அவன் கூற்றன்றி வேறு சான்று இன்மையால் வாசகரும் ஐயுற நேர்கிறது. தொடரில் இவ்வையம் வேர்கொள்ளவில்லை. படக்கருவி டெக்ஸ்டர் இல்லாத இடங்களுக்கும் செல்கிறதன்றோ! நாவலின் இறுதியில் வெளிப்படும் அண்ணன் பிரையன், தொடரில் செயற்கை உறுப்பு வல்லுநனாக, டெக்ஸ்டரின் வளர்ப்புத் தங்கை டெப்ராவின் காதலனாக முன்னரே நுழைகிறான். அவனே கொலையாளி என்பதை டெக்ஸ்டருக்கு முன்னதாகப் பார்வையாளர் அறிந்துவிடுகின்றனர். ஐயம் இருந்த இடத்தை, டெப்ராவுக்கு என்ன நேருமோ என்னும் அச்சம் பற்றிக்கொள்கிறது. நாவலின் மிக நுண்ணிய கூறு இவ்வாறு கைவிடப்பட்டது இழப்பே. எனினும் டெக்ஸ்டரின் பார்வைக்குள் அடங்கியிருந்த டெப்ரா தமக்கென ஒரு வாழ்வு பெற்றது அவ்விழப்பினால்தான்.

தன்மைக் கூற்றைத் தொடர் பின்னணிக் குரலாகத் தக்கவைத்தது. ஆனால் நெடுந்தொடர் ஒன்றை அக்குரல் தனித்துத் தாங்காது. முதலிரு பருவங்களில் நினைவோட்டமாக வந்த வளர்ப்புத் தந்தை ஹாரி, மூன்றாம் பருவம் முதல் டெக்ஸ்டரின் அருகில் நின்று உரையாடும் உருவெளித் தோற்றமாகிறார். கேட்போர் அற்ற கூற்றுக்குத் தொடர் அமைத்துக்கொண்ட கேட்போர் இவர். இவ்வுத்தியால் விளைந்த பயன் சிறிதே. டெக்ஸ்டர் முன்பே அறிந்ததன்றி வேறெதையும் ஹாரியால் சொல்ல இயலாது. நடிகர் மைக்கேல் சி. ஹாலின் முகம் காட்டிவிட்டதையே அவர் பல இடங்களில் சொற்களால் மீண்டும் கூறுகிறார்.

உண்மையான கேட்போர் தங்கையே. நாவலின் முடிவில் துறைமுகச் சரக்குப் பெட்டகத்தில் கட்டுண்டு கிடக்கும் அவர் அண்ணனின் மறைவாழ்வை அறிகிறார். காவல் அதிகாரி லகுவேர்ட்டா அங்கே உயிரிழக்கிறார். பிரையன் தப்பிச் செல்கிறான். முதற்பருவத்தின் முடிவு இதற்கு நேர்மாறானது. பிரையனை டெக்ஸ்டர் கொல்கிறான், லகுவேர்ட்டா வாழ்கிறார், டெப்ரா எதையும் அறியார். அவர் அறிந்துவிட்டால் தொடர் நீள வழியில்லை என்பது வெளிப்படை.

நாவல் ஒரே இரவில் முடித்ததை அடையத் தொடருக்கு ஆறு பருவங்கள் மேலும் தேவைப்பட்டன. 2011இல் ஆறாம் பருவத்தின் இறுதிக் காட்சியில் டெக்ஸ்டர் கொல்வதை டெப்ரா நேரில் காண்கிறார். அடுத்த பருவத்தின் முடிவில், மீண்டும் ஒரு சரக்குப் பெட்டகத்தில், லகுவேர்ட்டா இறக்கிறார். தங்கை அறிந்திருத்தல், லகுவேர்ட்டாவின் சாவு, பெட்டகம் என நாவலின் முடிவிலிருந்த கூறுகள் இங்கு ஒன்றுசேர்கின்றன. ஆனால் நாவலில் கைகள் கட்டுண்டு கேட்க மட்டுமே முடிந்த தங்கை, இங்கே துப்பாக்கி ஏந்தி நிற்கிறார். லகுவேர்ட்டாவைச் சுடுபவரும் அவரே.